முன்னாள் கணவர், மனைவி பெயரில் வரும் தபாலை நிறுத்த: அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் வழி

அஞ்சலகக் கவுன்டரில் இருந்த காலத்திலும் சரி, ஓய்வுக்குப் பிறகு ஊரில் மனு எழுதிக் கொடுக்கும் இப்போதும் சரி, திரும்பத் திரும்ப என்னிடம் வரும் குறை ஒன்று உண்டு. கோர்ட்டில் எல்லாம் முடிந்து வருடங்கள் ஆகியிருக்கும். அவர் பெயருக்கு வரும் தபால் மட்டும் இந்த வீட்டை விடாது. சிலருக்கு அது எரிச்சல். சிலருக்கு அந்தப் பெயரைப் பார்த்ததுமே அன்றைய சோறு இறங்காது.

தபால்காரரிடம் சத்தம் போட்டால் இது நிற்காது. அனுப்புகிறவரின் பதிவேட்டில் முகவரி மாறினால்தான் நிற்கும். அதை மாற்ற வைக்க உங்களால் முடியும். கையெழுத்துப் போடாமல், சரியான காரணம் எழுதி, அனுப்பியவருக்கே திரும்பிப் போகிற தபால்தான் அதற்கு வழி. உங்கள் வீட்டில் நடப்பது எதுவோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போங்கள். அடுத்து வரும் பகுதியை மட்டும் எல்லோரும் படித்துவிடுங்கள்.

முதலில்: உறையை வெளியிலிருந்தே படியுங்கள்

உறையைப் பிரிக்காதீர்கள். ஜீவனாம்ச வழக்கோ பிள்ளைகள் வழக்கோ நடந்துகொண்டிருந்தால், "என் தபாலைப் பிரித்துப் படித்தார், நோட்டீஸை மறைத்தார்" என்று எதிர்த்தரப்பு வக்கீல் எழுத ஒரு கிழிந்த உறை போதும். கிழித்துப் போடுவதும் கூடாது. திரும்பி வராத கடிதம் சேர்ந்துவிட்டது என்றுதான் அனுப்பியவர் கணக்கு. அடுத்த மாதமும் அனுப்புவார்.

பெயரைப் பாருங்கள். உங்கள் பெயரும் கூடவே "க/பெ" என்று அவர் பெயரும் இருந்தால் அது உங்கள் தபால், திருப்பாதீர்கள். இருவர் பெயரும் சேர்ந்திருந்தால் கூட்டுக் கணக்கோ கூட்டுக் கடனோ இருக்கிறது, அதுவும் உங்களுடையதுதான். பிள்ளை பெயரோடு "த/பெ" என்றோ பாதுகாவலர் என்றோ அவர் பெயர் வந்தால், அது பள்ளிக் கடிதமாக இருக்கலாம், உதவித்தொகையாக இருக்கலாம், செல்வமகள் கணக்காக இருக்கலாம். பிள்ளை உங்களிடம் வளர்ந்தால் வாங்கிக்கொள்ளுங்கள். இவை போக, அவர் பெயர் மட்டும் தாங்கி வருவதுதான் நாம் நிறுத்த வேண்டியது.

அடுத்து, முகவரி அச்சாகியிருக்கும் விதம். எங்கள் பக்கத்தில் இதை வைத்தே பாதி காரணத்தைக் கண்டுபிடித்துவிடலாம். மயிலாடுதுறை 2020 டிசம்பர் கடைசியில் தனி மாவட்டம் ஆனது. சீர்காழி, குத்தாலம், தரங்கம்பாடிப் பக்கத்து முகவரியில் இன்னும் "நாகப்பட்டினம் மாவட்டம்" என்று வந்தால், அந்தப் பதிவு பெரும்பாலும் அதற்கு முந்தியது. சேர்ந்திருந்த காலத்தில் கொடுத்த முகவரியை யாரும் தொடவில்லை என்று பொருள். வெவ்வேறு நிறுவனங்களிலிருந்து வரும் உறைகளில் தெருப் பெயர் ஒரே மாதிரி தப்பாக இருந்தால், எல்லாரும் ஒரே அட்டையிலிருந்து எடுத்திருக்கிறார்கள். அது அநேகமாக ஆதார்.

உறையின் முன்பக்கம், பின்பக்கம் இரண்டையும் கைபேசியில் படம் எடுங்கள். ஒரு நோட்டில் தேதி, அனுப்பியவர், விரைவுத் தபாலாக இருந்தால் அதன் 13 இலக்க எண் ஆகியவற்றைக் குறித்து வையுங்கள். பின்னால் வக்கீலிடம் போக நேர்ந்தால் இந்த நோட்டுதான் பேசும்.

விவாகரத்துத் தீர்ப்பின் சான்றிட்ட நகல் கையில் இருக்கிறதா என்றும் பாருங்கள். இல்லையென்றால் வழக்கு நடந்த கோர்ட்டில் நகல் மனுப் போட்டு வாங்கிவிடுங்கள். கீழே பல இடங்களில் அதைக் கேட்பார்கள்.

அறிகுறி: சாதாரணக் கடிதங்கள் பெட்டியில் கிடக்கின்றன, திண்ணையில் போட்டுவிட்டுப் போகிறார்கள்

எளிய காரணம், தபால்காரருக்கு விஷயம் தெரியாது. அல்லது தெரிந்தவர் விடுப்பில் போய் அவர் இடத்துக்குப் பதிலாள் வந்திருக்கிறார். கிராமத்துக் கிளை அஞ்சலகங்களில் இது அடிக்கடி நடக்கும். நோட்டில் தேதியைப் பாருங்கள். சில வாரங்கள் நின்று மறுபடி வந்தால் பதிலாள் காரணமாக இருக்கலாம்.

நேரில் சொல்வதோடு விடாமல் எழுதிக் கொடுங்கள். "இன்னார் இந்த முகவரியில் வசிக்கவில்லை. அவர் பெயருக்கு மட்டும் வரும் தபால்களை இங்கே பட்டுவாடா செய்யாமல் அனுப்பியவருக்கே திருப்பக் கேட்டுக்கொள்கிறேன்" என்று இரண்டு வரி போதும். கிராமமாக இருந்தால் கிளை அஞ்சலகத்துக்கு ஒன்று, அது சேர்ந்திருக்கும் துணை அஞ்சலகத்துக்கு ஒன்று. பிரதியில் முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். தபாலை வேறு ஊருக்கு மாற்றிவிடச் சொல்லும் உரிமை பெயருக்கு உரியவருக்கே உண்டு. அதை நீங்கள் கேட்டால் அஞ்சலகம் மறுக்கும், மறுப்பது சரி. நீங்கள் சொல்லக்கூடியது "இங்கே இல்லை" என்பது மட்டும்.

அதற்கும் மீறி வந்து விழும் உறையில், "இந்த முகவரியில் வசிக்கவில்லை. அனுப்பியவருக்கே திருப்பவும்" என்று தெளிவாக எழுதுங்கள். உங்கள் முகவரியின் மேல் குறுக்காக ஒரு கோடு போடுங்கள். கோடு போடாவிட்டால், பிரிக்கும் இடத்தில் பின்கோடு மட்டும் பார்த்து 612-ஐக் கும்பகோணம் பக்கமும் 609-ஐ மயிலாடுதுறைப் பக்கமும் போட்டு மறுபடி உங்களிடமே அனுப்பிவிடுவார்கள். எழுதியதை வைத்திருக்காமல் மறுநாளே தபால்காரரிடம் கொடுத்துவிடுங்கள்.

அவருடைய புது முகவரி தெரியும், எழுதி அனுப்பட்டுமா என்று கேட்பார்கள். நான் வேண்டாம் என்பேன். கடிதம் அவருக்குப் போய்ச் சேர்ந்துவிடும். அனுப்பியவருக்கு ஒன்றும் தெரியவராது. அடுத்ததும் உங்கள் வீட்டுக்குத்தான். ஆஸ்பத்திரிக் கடிதம், வேலை உத்தரவு மாதிரி ஒரு மனிதரின் வாழ்க்கையைத் தொடுவது என்று உறையிலேயே தெரிந்தால் மட்டும், அவர் பக்கத்துப் பெரியவர் யாரிடமாவது தகவல் சொல்லிவிட்டுத் திருப்பி அனுப்புங்கள்.

எழுதிக் கொடுத்தும் வந்துகொண்டே இருந்தால் கோட்டக் கண்காணிப்பாளருக்கு எழுதலாம். தஞ்சாவூர், கும்பகோணம், மயிலாடுதுறை, நாகப்பட்டினம், பட்டுக்கோட்டை என்று நம் பகுதிக்குத் தனித்தனி அஞ்சல் கோட்டங்கள் இருக்கின்றன. 1800 266 6868 என்ற கட்டணமில்லா எண்ணிலும் புகார் பதியலாம். சாதாரணக் கடிதத்துக்கு இதைத் தாண்டிப் போக வேண்டியிருக்காது.

அறிகுறி: கையெழுத்துக் கேட்கும் தபால் வருகிறது

பதிவுத் தபால் 2025-இல் விரைவுத் தபாலோடு இணைக்கப்பட்டுவிட்டது. ஆனால் ஊரில் எல்லோரும் இன்னும் "ரிஜிஸ்டர் தபால்" என்றுதான் சொல்கிறார்கள். பெயர் எதுவானாலும், கையெழுத்துக் கேட்கிற தபால் என்றால் அதிக கவனம் வேண்டும்.

நீங்களும் போடாதீர்கள், வீட்டில் யாரும் போட வேண்டாம் என்று சொல்லி வையுங்கள். அம்மா, அப்பா, பக்கத்து வீட்டு அக்கா என்று யாராவது "இதுவும் உங்க வீட்டுத் தபால்தானே" என்று நல்லெண்ணத்தில் வாங்கி வைப்பதுதான் இதில் அதிகம் பார்த்த கோளாறு. கைபேசிக்கு வந்த ஓடிபியைச் சொல்வதும் கையெழுத்துப் போடுவதும் ஒன்றுதான். வாங்கிவிட்டால் இந்த முகவரி சரி என்று நீங்களே உறுதி செய்துவிட்டீர்கள். வங்கிகள் வாடிக்கையாளர் சொல்லும் முகவரியைச் சரிபார்ப்பதற்கென்றே கடிதம் அனுப்பும் வழக்கம் உண்டு. அது பட்டுவாடா ஆகிவிட்டால் உங்கள் வீடு அவருடைய சரிபார்க்கப்பட்ட முகவரி ஆகிவிடும்.

இனி எல்லாவற்றிலும் முக்கியமானது: "வேண்டாம், எடுத்துக்கிட்டுப் போங்க" என்று மட்டும் சொல்லி அனுப்பாதீர்கள். அப்படிச் சொன்னால் தபால்காரர் "ரெஃப்யூஸ்ட்" என்று எழுதுவார், அதாவது பெற மறுப்பு. மறுத்தால் சேர்ந்ததாகவே கோர்ட் எடுத்துக்கொள்ளும். அனுப்பியவரும் "ஆள் அங்கேதான் இருக்கிறார், வாங்க மறுக்கிறார்" என்று முடிவு கட்டி மேலும் மேலும் அனுப்புவார். நீங்கள் சொல்ல வேண்டியது: "அவர் இங்கே குடியில்லை. வீடு மாறிப் போய்விட்டார்." அதற்குத் தபால்காரர் எழுத வேண்டிய குறிப்பு "லெஃப்ட்", அல்லது அந்தப் பெயரில் இங்கே யாரும் இல்லை என்பது. என்ன எழுதினார் என்று அங்கேயே கேட்டுப் பாருங்கள். பழக்கத்தில் ரெஃப்யூஸ்ட் என்று எழுதிவிட்டால் மாற்றச் சொல்லலாம், தயங்க வேண்டாம்.

உதாரணத்துக்கு, காசோலை திரும்பிய வழக்கில் நோட்டீஸ் சேர்ந்த 15 நாளுக்குள் பணம் கட்ட வேண்டும், கட்டாவிட்டால் வழக்கு. அந்த நோட்டீஸில் நீங்கள் கையெழுத்துப் போட்டு, அவருக்குத் தெரியாமல் நாள் கடந்துவிட்டால், அவர் உங்களைத்தான் கைகாட்டுவார். உங்களுக்கு எந்தச் சம்பந்தமும் இல்லாத ஒரு வழக்கில் உங்கள் பெயர் அடிபடும்.

வீடு பூட்டியிருந்தால் அறிவிப்புச் சீட்டு வைத்துவிட்டுப் போவார்கள். தபாலை 7 நாள் அஞ்சலகத்தில் வைத்திருந்து திருப்புவார்கள். அதுவாகத் திரும்பட்டும் என்று விடாமல், அஞ்சலகத்துக்குப் போய் அவர் இங்கே இல்லை என்று சொல்லிவிடுங்கள். "பூட்டியிருந்தது" என்று திரும்பினால் அனுப்பியவர் மறுபடி முயல்வார். "வீடு மாறிவிட்டார்" என்று திரும்பினால் வேறு முகவரி தேடுவார்.

*வக்கீலிடம் போக வேண்டிய கட்டம்:* விவாகரத்து இன்னும் முடியவில்லை, வழக்கு நடக்கிறது என்றால், சட்டத்தின் கண்ணில் நீங்கள் இன்னும் அவர் குடும்பம்தான். "இங்கே வசிக்கவில்லை" என்பது உண்மையாக இருந்தால் சொல்லலாம். ஆனால் கோர்ட், வக்கீல், வங்கி நோட்டீஸ் என்று உறையில் தெரிந்தால் உங்கள் வக்கீலைக் கேட்காமல் எதுவும் செய்யாதீர்கள்.

அறிகுறி: திருப்பி அனுப்பியும் அதே இடத்திலிருந்து வந்துகொண்டே இருக்கிறது

முதல் காரணம், திரும்பிய உறை கணினிப் பதிவைத் தொடும் ஆளிடம் போகவில்லை. கடிதம் அச்சடிப்பது ஒரு ஊர், திரும்புவது இன்னொரு ஊர். அதனால் கணக்கு இருக்கும் கிளைக்கே எழுதுங்கள். நான் எழுதிக் கொடுக்கும் மாதிரி இது:

"ஐயா, தங்கள் நிறுவனத்திலிருந்து ________ என்பவர் பெயருக்கு என் வீட்டு முகவரிக்குக் கடிதங்கள் வருகின்றன. அவர் இங்கே வசிக்கவில்லை. ________ நீதிமன்றத்தின் ________ தேதியிட்ட தீர்ப்பின்படி எங்கள் திருமணம் முறிந்துவிட்டது. அவர் கணக்கில் நான் உடன் கடன்தாரரோ ஜாமீன்தாரரோ அல்ல. இந்த முகவரியைத் தங்கள் பதிவிலிருந்து நீக்கி, நீக்கியதை எழுத்தில் தெரிவிக்க வேண்டுகிறேன். உறையின் நகல் இணைத்துள்ளேன்."

இதில் ஜாமீன் வரியை உண்மையாக இருந்தால் மட்டும் எழுதுங்கள். சேர்ந்து வாழ்ந்த காலத்தில் எங்கே எதற்குக் கையெழுத்துப் போட்டோம் என்று நினைவிருக்காது. சந்தேகம் இருந்தால் உங்கள் கடன் அறிக்கையை எடுத்துப் பாருங்கள். கடன் தகவல் நிறுவனங்கள் ஒவ்வொன்றும் வருடத்துக்கு ஒரு முறை இலவசமாகத் தர வேண்டும். உடன் கடன்தாரராகவோ ஜாமீனாகவோ இருந்தால் பெரும்பாலும் அதில் தெரியும். ஊர்க் கூட்டுறவுச் சங்கக் கடன் அதில் விடுபட்டிருக்கலாம். அதைச் சங்கத்திலேயே கேளுங்கள்.

மனுவில் உங்கள் கைபேசி எண்ணைப் போடாதீர்கள். போனில் கூப்பிட்டும் சொல்லாதீர்கள். "அவர் எண் கிடைக்கவில்லை" என்று தேடிக்கொண்டிருப்பவர்கள் உங்கள் எண்ணை அவர் கணக்கில் ஏற்றிவிடுவார்கள். கடிதம் நின்று போன் தொடங்கும். பதில் வேண்டுமென்றால் தபாலில் வரட்டும். அவருடைய புது முகவரியையும் நீங்கள் சொல்ல வேண்டியதில்லை. கண்டுபிடிப்பது அவர்கள் வேலை.

வங்கி, நிதி நிறுவனம் என்றால் 30 நாள் பாருங்கள். பதில் இல்லாவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளருக்கு இலவசமாகப் புகார் செய்யலாம். விவரம் கேட்க 14448.

அறிகுறி: இதுவரை வராத புதுப் புது நிறுவனங்களிலிருந்து வருகிறது

பழைய இடத்திலிருந்து வந்தால் பழைய பதிவு. புது இடத்திலிருந்து வந்தால் அவர் இன்றைக்கும் உங்கள் முகவரியைக் கொடுத்துக்கொண்டிருக்கிறார். வேண்டுமென்றே செய்வதாக உடனே நினைக்க வேண்டாம். அவருடைய ஆதாரில் உங்கள் வீட்டு முகவரி மாறாமல் இருந்தால், புதுக் கடன், புது சிம், புது வண்டி என்று எதற்கு ஆதார் கொடுத்தாலும் முகவரி தானாக ஏறிவிடும்.

அவர் ஆதாரை நீங்கள் மாற்ற முடியாது. ஆதார் உதவி எண்ணான 1947-க்குப் பேசினாலும் மாற்ற மாட்டார்கள். அவரேதான் மாற்ற வேண்டும். இணையத்திலேயே முடிகிற சின்ன வேலை, 75 ரூபாய் கட்டணம். தன் பெயரில் முகவரிச் சான்று இல்லாதவர், குடும்பத் தலைவராக அப்பாவோ அம்மாவோ ஒப்புதல் தந்தால் அந்த வீட்டு முகவரிக்கு மாறிக்கொள்ளலாம். விவாகரத்துக்குப் பின் பெற்றோர் வீட்டில் இருப்பவருக்கு இதுவே எளிது. இந்தத் தகவலோடு அவர் பெரியப்பாவிடமோ மாமாவிடமோ உங்கள் வீட்டுப் பெரியவர் ஒருவர் பேசினால் பாதிப் பேருக்குக் காரியம் முடிந்துவிடுகிறது. அந்தப் பேச்சில் பழைய கதை எதையும் எடுக்காமல், ஆதார் முகவரி ஒன்றை மட்டும் கேட்கச் சொல்லுங்கள்.

அவர் பெயரில் வண்டி இருந்தால், வீடு மாறிய 30 நாளுக்குள் பதிவுச் சான்றில் முகவரி மாற்றுவது அவர் கடமை. அபராத நோட்டீஸ் வந்தால் இதையும் சேர்த்துச் சொல்லச் சொல்லுங்கள்.

*வக்கீலிடம் போக வேண்டிய கட்டம்:* சொல்லியும் கேட்காமல் புதுக் கடன்களுக்கு உங்கள் முகவரியைக் கொடுக்கிறார் என்று நோட்டில் தெளிவாகத் தெரிந்தால், வக்கீல் நோட்டீஸ் அனுப்புங்கள். பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு. மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கும். 15100-க்குப் பேசியும் கேட்கலாம்.

அறிகுறி: வாக்காளர் பட்டியல், ரேஷன் அட்டை எல்லாவற்றிலும் அவர் இன்னும் இந்த வீட்டில் இருக்கிறார்

இது தபால் இல்லை என்றாலும், அவர் இங்கே வசிப்பதற்குச் சான்று இதுதான். வாக்காளர் பட்டியலில் அவர் பெயரை நீக்கக் கோரி அதே தொகுதி வாக்காளரான நீங்கள் படிவம் 7 கொடுக்கலாம். அவரே படிவம் 8 கொடுத்து மாறிக்கொண்டால் இன்னும் நல்லது. உங்கள் பாக வாக்குச்சாவடி நிலை அலுவலர் யார் என்று 1950 என்ற தேர்தல் உதவி எண்ணில் தெரிந்துகொள்ளலாம். பொய்யாக எழுதினால் தண்டனை உண்டு. உண்மையில் வெளியேறியவர் என்றால் மட்டும் கொடுங்கள்.

ரேஷன் அட்டையில் உறுப்பினர் நீக்கத்துக்கு இணையத்திலோ இ-சேவை மையத்திலோ விண்ணப்பித்து, தீர்ப்பு நகலை இணையுங்கள். நின்றுபோனால் வட்ட வழங்கல் அலுவலகம்.

அறிகுறி: கூட்டுறவுச் சங்க நோட்டீஸ், குழு லோன் வசூல் ஆள்

நம் பக்கத்துக்கே உரிய தொல்லை இது. சம்பா அறுவடை முடிந்ததும் பயிர்க்கடன் கெடு வரும். தவணை தவறிய நகைக்கடனுக்கு ஏல நோட்டீஸும் வரும். இங்கே மட்டும் "திருப்பி அனுப்பு" என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்ல மாட்டேன்.

நகைக்கடன் என்றால் முதலில் கேளுங்கள்: அடகில் இருப்பது யார் நகை? அவர் பெயரில் வைத்திருந்தாலும் அது உங்கள் அம்மா வீட்டில் போட்ட நகையாக இருக்கலாம். அப்படியானால் உறையைப் பிரிக்காமலே சங்கத்துக்குப் போய், நகை என்னுடையது, ஏலம் விட வேண்டாம் என்று எழுதிக் கொடுத்து ரசீது வாங்குங்கள். அன்றைக்கே வக்கீலையும் பாருங்கள். ஏலம் முடிந்த பிறகு மீட்பது மிகக் கடினம்.

பயிர்க்கடன் என்றால் நிலம் யார் பெயரில் என்று பாருங்கள். கூட்டுப் பட்டாவாக இருந்தால், அல்லது உங்கள் நிலத்தை அவர் காட்டியிருந்தால், நோட்டீஸ் உங்களையும் தொடும். பட்டாவையும் வில்லங்கச் சான்றையும் இணையத்திலேயே எடுத்துப் பார்க்கலாம். இரண்டிலும் உங்களுக்குத் தொடர்பில்லை என்றால் மேலே சொன்ன மனுவைச் சங்கச் செயலாளரிடம் கொடுங்கள்.

குழு லோன் பெரும்பாலும் மனைவி பெயரில் இருக்கும். அதனால் இங்கே பாதிக்கப்படுவது அந்த வீட்டிலேயே தங்கிவிட்ட கணவர். வாராவாரம் ஆள் வந்து நிற்பார். நீங்கள் உடன் கடன்தாரராகக் கையெழுத்துப் போட்டிருக்கிறீர்களா என்று வசூல் ஆளிடம் தாளைக் காட்டச் சொல்லிப் பாருங்கள். போட்டிருந்தால் கடன் உங்களையும் சேர்ந்தது. போடவில்லை என்றால் எழுத்தில் கொடுத்துவிடுங்கள். "இந்த ஒரு தவணை மட்டும் கட்டுங்க அண்ணே" என்பதற்கு இரங்கிக் கட்டினால் அடுத்த வாரமும் வருவார். ரிசர்வ் வங்கி விதிப்படி சிறுகடன் வசூலுக்குக் காலை 9 மணிக்கு முன்னும் மாலை 6 மணிக்குப் பின்னும் வரக் கூடாது. மற்றக் கடன்களுக்குக் காலை 8 முதல் இரவு 7 வரைதான் கூப்பிடலாம். மிரட்டினாலோ தெருவில் நின்று கத்தினாலோ நேராகக் காவல் நிலையம்.

அறிகுறி: கோர்ட் அமீனா வருகிறார், அல்லது போலீஸ் கேட்டு வருகிறது

பயப்பட வேண்டாம், கதவையும் சாத்த வேண்டாம். ஆள் இல்லாத வீட்டில் பெரியவர் ஒருவரிடம் சம்மனைக் கொடுக்கச் சட்டம் இடம் தருகிறது. ஆனால் அவர் குடும்பத்தைச் சேர்ந்தவராக இருக்க வேண்டும். விவாகரத்து ஆனவர் அப்படி இல்லை. தீர்ப்பின் நகலைக் காட்டி, "அவர் இங்கே குடியில்லை" என்று சொல்லி, அதை அறிக்கையில் எழுதச் சொல்லுங்கள். சம்மனில் கையெழுத்து வேண்டாம். கதவில் ஒட்டிவிட்டுப் போனால் படம் எடுத்து வைத்துக்கொண்டு, அந்த வழக்கு எண்ணோடு வக்கீலைப் பாருங்கள். வக்கீல் கோர்ட்டில் ஒரு மெமோ போட்டால் முகவரி திருத்தப்படும்.

போலீஸ் ஒரு முறை வந்து கேட்டுப் போனால் பொருட்படுத்த வேண்டாம். மறுபடி வந்தால் தீர்ப்பு நகலை இணைத்து நிலையத்தில் எழுதிக் கொடுத்து ரசீது வாங்குங்கள்.

அறிகுறி: வீட்டின் மேலேயே நோட்டீஸ் ஒட்டுகிறார்கள்

இது உங்கள் கைக்கு மீறியது. வீடு அவர் பெயரிலோ கூட்டாகவோ இருந்து அடமானக் கடன் நின்றுபோனால், வங்கி 60 நாள் கெடு வைத்து நோட்டீஸ் கொடுக்கும். அதன் பிறகு வீட்டைக் கைப்பற்ற நடவடிக்கை எடுக்கலாம். பெயர் அவருடையது என்று திருப்பி அனுப்பினால் குடியிருக்கும் கூரை போய்விடும். வில்லங்கச் சான்று எடுங்கள். வீட்டில் இருக்கும் உரிமை பற்றித் தீர்ப்பில் என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். அந்த வாரத்துக்குள் வக்கீலிடம் போய்விடுங்கள்.

அறிகுறி: பார்சல், கூரியர்

கூரியர் ஆளிடம் வாங்க வேண்டாம். "இந்த ஆள் இங்கே இல்லை" போதும். பணம் கொடுத்து வாங்கும் பார்சலாக இருந்தால் ஒரு காசும் கொடுக்காதீர்கள். காரணம் பெரும்பாலும் அவருடைய செயலியில் பழைய முகவரி முதலில் நிற்பதுதான்.

பாஸ்போர்ட் தபால் பற்றித் தனியே கேட்பார்கள், வளைகுடா, சிங்கப்பூர் போகிறவர்கள் அதிகம் இருக்கும் பகுதி என்பதால். அதை உரியவர் கையில்தான் கொடுப்பார்கள். இல்லாவிட்டால் பாஸ்போர்ட் அலுவலகத்துக்கே திரும்பும். நீங்கள் எதுவும் செய்ய வேண்டாம்.

அறிகுறி: தபாலைச் சாக்கிட்டு அவரே வந்து நிற்கிறார்

சிலர் வேண்டுமென்றே முகவரியை மாற்றாமல் வைத்திருப்பார்கள். "என் லெட்டர் வந்திருக்கா" என்று கேட்டு வாசலுக்கு வர அது ஒரு வழி. அடி, மிரட்டல் இருந்த வீடாக இருந்தால் இதைத் தபால் பிரச்சினையாகப் பார்க்கவே கூடாது. நேரில் பேச வேண்டாம், பெரியவர்களை அனுப்பவும் வேண்டாம். வந்த தேதி, நேரம் எழுதி வையுங்கள். பெண்கள் உதவி எண்ணான 181-க்குப் பேசுங்கள், அல்லது மாவட்டப் பாதுகாப்பு அலுவலரைப் பாருங்கள். வீட்டுப் பக்கம் வரக் கூடாது, தொடர்பு கொள்ளக் கூடாது என்று குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் கோர்ட்டில் பாதுகாப்பு உத்தரவு கேட்க அவர்கள் மனுத் தயாரித்துத் தருவார்கள். அந்த மனுவில் தபால் விஷயத்தையும் சேர்க்கச் சொல்லுங்கள்.

இதற்கு நடுவில், சேர்த்து வைத்திருக்கும் பழைய உறைகள் எல்லாவற்றையும் படம் எடுத்துவிட்டு, பிரிக்காமல் அஞ்சலகத்தில் கொடுத்துவிடுங்கள். அவர் வந்து கேட்டு வாங்க உங்கள் வீட்டில் ஒரு கடிதம்கூட இருக்க வேண்டாம்.